பாட்டிக்குக் கருவி! பேரனுக்குப் புத்தகம்!

எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது.

அடிதடி இல்லை. வாய்ச் சண்டைதான். ஆனால் மூன்று நாள் நீடித்தது!

தீபாவளிச் செலவு போகக் கொஞ்சம் பணம் கையில் மிஞ்சியது. "அப்பா, மின்நூல் கருவி வாங்கலாம்" என்றான் மகன். அவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான்.

"அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கினால் ஒரு அலமாரி நிறையும்" என்றாள் என் மனைவி.

"எது வாங்கினால் எனக்கு என்ன? எனக்குத்தான் கண் தெரியவில்லையே!" என்றார் என் தாயார்.

மூன்று பேர் சொன்னதும் நியாயம்தான். யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது?

இது எங்கள் வீட்டுச் சண்டை மட்டும் அல்ல. இன்று பல வீடுகளில் நடக்கும் சண்டை. ஆகவே நான் விசாரித்தேன். படித்தேன். தெரிந்தவர் ஒருவரின் கருவியை ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். கடைசியில் எனக்கு ஒரு தீர்ப்புத் தோன்றியது. அதைச் சொல்லுகிறேன். பிடித்தால் ஏற்றுக் கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நீங்களும் சண்டை போடுங்கள்!

அது என்ன கருவி?

மின்நூல் கருவி என்பது பார்ப்பதற்குச் சிறுபிள்ளையின் சிலேட்டு மாதிரி இருக்கும். எடை சுமார் 200 கிராம். அதற்குள் ஆயிரக்கணக்கான புத்தகங்களை ஏற்றி வைக்கலாம். கடையில் கட்டுக் கட்டாக அடுக்கிய புத்தகங்கள், ஒரு கைப்பைக்குள் அடங்கி விடுகின்றன!

இதன் எழுத்து, செல்போன் எழுத்துப் போன்றது அல்ல. இதற்கு "மின் மை" என்று பெயர்.

திரைக்கு உள்ளே, தலைமுடியின் பருமன் அளவே உள்ள நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் ஒரு திரவத்தில் மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் கறுப்பு மேலே வரும். மாற்றிக் கொடுத்தால் வெள்ளை மேலே வரும். கறுப்பு வந்த இடம் எழுத்து. வெள்ளை வந்த இடம் தாள். இவ்வளவுதான் ரகசியம்!

பக்கம் புரட்டும்போது மட்டும்தான் எழுத்துக்கு மின்சாரம் வேண்டும். நின்ற எழுத்து, மின்சாரம் இல்லாமலே நிற்கும். அதனால் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் பல நாள் வருகிறது.

மின் மையில் இயங்கும் கருவியை 2004-ம் ஆண்டில் ஜப்பானில் சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் அமேசான் கம்பெனி 2007 நவம்பரில் "கிண்டில்" என்ற கருவியை விற்றது. விலை 399 டாலர். அத்தனை விலை கொடுத்தும் ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். ஐந்தரை மணி நேரத்தில் சரக்கு தீர்ந்து போயிற்று!

செல்போன் வேறு, இது வேறு

"என்னிடம் செல்போன் இருக்கிறதே! அதிலேயே படித்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

போதும் என்றால் போதும். ஆனால், இரண்டும் ஒன்று அல்ல.

செல்போன் திரை, விளக்குப் போன்றது. தானே ஒளி வீசும். அந்த ஒளி நேரே கண்ணுக்குள் வருகிறது. மின் மை, சுவரில் எழுதிய எழுத்துப் போன்றது. அதன் மீது வெளிச்சம் பட்டால்தான் தெரியும். உச்சி வெயிலிலும் நன்றாகத் தெரியும். இப்போது வரும் கருவிகளில் இரவில் படிக்கவும் ஒரு சிறு விளக்கு இருக்கிறது. அதன் ஒளி, எழுத்தின் மீது விழும். வேண்டிய அளவுக்குக் குறைத்துக் கொள்ளலாம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2014-ம் ஆண்டுக் கடைசியில் அதன் முடிவு வெளியாயிற்று. 12 பேரைச் சில நாட்கள் படுக்கும் முன்பு ஒளி வீசும் திரையில் படிக்கச் செய்தார்கள். சில நாட்கள் அச்சுப் புத்தகம் படிக்கச் செய்தார்கள். திரையில் படித்த நாட்களில் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் தாமதம் ஆயிற்று. மறுநாள் காலையில் சுறுசுறுப்பும் குறைந்தது.

12 பேர் என்பது சிறிய கூட்டம்தான். ஆனால், நம் வீட்டில் நடப்பதும் அதுதானே? செல்போனை வைத்துக்கொண்டு படுத்த பிள்ளை, என்றைக்குச் சீக்கிரம் தூங்கியது?

இன்னொன்றும் உண்டு. செல்போனில் கதை படித்துக் கொண்டிருப்போம். கதாநாயகி ஆற்றில் விழுவாள். அந்த நேரத்தில் "டிங்" என்று ஒரு செய்தி வரும். அதைத் திறப்போம். அங்கே ஒரு படம் இருக்கும். படத்தைப் பார்த்து முடிக்க அரை மணி ஆகும். பாவம், கதாநாயகி! அவளைக் காப்பாற்ற யாரும் இல்லை!

மின்நூல் கருவியில் இந்தத் தொல்லை குறைவு. அது படிப்பதற்கென்றே செய்தது.

காசு இல்லாமல் கடல் அளவு

கருவியின் பெரிய பெருமை, இலவசப் புத்தகங்கள்.

நம் நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெரிய எழுத்தாளர்களின் நூல்களை அரசாங்கம் நாட்டுடைமை ஆக்குகிறது. அப்புறம் அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1949-ம் ஆண்டில் பாரதியாரின் பாடல்களுக்கு உள்ள உரிமையை அரசாங்கம் எடுத்துக் கொண்டது. பிறகு அவை நாட்டுக்குப் பொதுவாயின. கல்கியின் நாவல்களும் இன்று நாட்டுடைமைதான்.

1998-ம் ஆண்டு பொங்கல் திருநாளில் "மதுரைத் திட்டம்" என்று ஒரு வேலை தொடங்கியது. சுவிட்சர்லாந்து நாட்டில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற தமிழர் அதைத் தொடங்கினார். பல நாடுகளில் உள்ள தமிழர்கள் சேர்ந்தார்கள். சம்பளம் இல்லை. மேடை இல்லை. மாலை இல்லை. வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து, பழைய நூல்களை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்கள். சங்க நூல் முதல் நாவல் வரை ஏற்றினார்கள். இன்று அவற்றை எவரும் இலவசமாக எடுக்கலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. கடையில் எங்கும் கிடைக்காத நூல்கள் அங்கே இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் தமிழ் மின்நூல்களும் வந்து விட்டன. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்தன.

ஒரு எச்சரிக்கை. படம் பிடித்த நூல் வேறு. எழுத்தாகத் தட்டிய நூல் வேறு. தட்டிய நூலில் எழுத்தைப் பெரிதாக்கலாம். படம் பிடித்த நூலில் பக்கம் முழுவதும் பெரிதாகும். ஒரு வரி படிப்பதற்குள் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். கை வலிக்கும்! சிறிய கருவியில் அது சரிப்படாது. வாங்கும் முன்பு இதைத் தெரிந்து கொள்ளுங்கள்.

சொந்தம் யாருக்கு?

இவ்வளவு நல்லது சொன்னேன். இனி கெட்டதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

2009-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளரின் இரண்டு நாவல்களைப் பலர் கிண்டிலில் காசு கொடுத்து வாங்கி இருந்தார்கள். ஒரு நாள் பார்த்தால், புத்தகங்களைக் காணோம்!

திருடன் வரவில்லை. பூட்டு உடையவில்லை. விற்ற அமேசான் கம்பெனியே, தூரத்தில் இருந்தபடி அழித்து விட்டது! அந்த நூல்களைக் கடையில் ஏற்றியவருக்கு விற்கும் உரிமை இல்லையாம். காசைத் திருப்பிக் கொடுத்து விட்டார்கள்.

ஒரு பள்ளி மாணவன் பாடத்துக்காக அந்த நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தான். நூல் போனதால் குறிப்புகள் பயன் இல்லாமல் போயின. அவன் வழக்குப் போட்டான். வழக்கு சமரசத்தில் முடிந்தது. கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

இதில் ஒரு விந்தை. அழிந்த நாவல்களில் ஒன்றின் பெயர் "1984". சர்க்காருக்குப் பிடிக்காத எழுத்தை எல்லாம் நெருப்பில் போட்டு அழிக்கும் ஒரு நாட்டின் கதை அது!

இன்னொரு சம்பவம். மைக்ரோசாப்ட் கம்பெனி மின்நூல் கடை நடத்தியது. 2019-ம் ஆண்டில் கடையை மூடியது. அதே ஆண்டு ஜூலை மாதத்தோடு, வாங்கியவர்களின் நூல்கள் திறக்காமல் போயின. இங்கேயும் காசு திரும்பி வந்தது. ஆனால் புத்தகம் திரும்பி வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு புத்தகக் கடையில் நாவல் வாங்குகிறீர்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கடை மூடுகிறது. உடனே கடைக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து நாவலை எடுத்துப் போவாரா? போனால் விடுவீர்களா?

காரணம் இதுதான். பல மின்நூல்களை நாம் வாங்குவது இல்லை. படிக்க அனுமதிதான் வாங்குகிறோம். வீடு வாங்குவது வேறு. குடக்கூலிக்குக் குடி இருப்பது வேறு. பொத்தானில் "வாங்கு" என்று எழுதி இருக்கும். உள்ளே, பொடி எழுத்தில், "அனுமதி" என்று எழுதி இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி முதல் அது நடப்பில் இருக்கிறது. "இது சொந்தம் அல்ல, அனுமதிதான்" என்றால், அதை ஒளிக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பது சட்டம்.

இலவச நூல்களுக்கு இந்தப் பயம் இல்லை. அவற்றுக்குப் பூட்டுக் கிடையாது. எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

நண்பர் விட்டுச் சென்றது

எனக்குத் தெரிந்த ஒருவர். புத்தகப் பைத்தியம். முதல் இருபது வருடம் காகித நூல் வாங்கினார். பிறகு கருவிக்கு மாறினார். முந்நூறுக்கும் மேற்பட்ட மின்நூல்கள் வாங்கி இருந்தார்.

மாரடைப்பில் திடீரென்று காலமாகி விட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மகள் ஒரு அலமாரியைக் காட்டினாள். "அப்பா படித்த புத்தகங்கள், மாமா. ஓரத்தில் எல்லாம் அவர் எழுதி இருக்கிறார். தினம் ஒன்று எடுத்துப் பார்க்கிறேன்" என்றாள்.

பிறகு மேசை மீது இருந்த கருவியை எடுத்தாள். "இதில்தான் கடைசி எட்டு வருடம் படித்தார். ரகசியச் சொல் எங்களுக்குத் தெரியவில்லை. திறக்க முடியவில்லை" என்றாள்.

முதல் இருபது வருடம் மகளுக்குக் கிடைத்தது. கடைசி எட்டு வருடம் பூட்டிக் கிடக்கிறது!

ஆகவே, கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரகசியச் சொல்லை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஆம், காகிதத்தில்தான்!

காகிதமும் அழியும்

"பார்த்தீர்களா! காகிதம்தான் நிலையானது!" என்று என் மனைவி சொன்னாள்.

அவசரப்படக் கூடாது.

1981-ம் ஆண்டு மே 31-ந் தேதி இரவில் யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97 ஆயிரம் நூல்கள் எரிந்தன. அவற்றில் ஓலைச் சுவடிகளும் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லாத நூல்களும் இருந்தன. அவை போனது போனதுதான். அந்தத் தீயின் சூடு தமிழர் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை.

2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தது. எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பதிப்பகங்களின் கிடங்குகளிலும் புகுந்தது. நனைந்த நூல்கள் கட்டுக் கட்டாகக் குப்பைக்குப் போயின.

தீயும் வெள்ளமும் வேண்டாம். ஒரு கரையான் புற்றுப் போதுமே!

2005-ம் ஆண்டில் இலங்கைத் தமிழர்கள் "நூலகம்" என்ற மின் நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஒரு கட்டிடத்தை எரிக்கலாம். நூறு ஊர்களில், ஆயிரம் வீடுகளில் இருக்கும் பிரதியை எப்படி எரிப்பது?

காகிதத்தைக் கம்பெனி எடுக்க முடியாது, நெருப்பு எடுக்கும். மின்நூலை நெருப்பு எடுக்க முடியாது, கம்பெனி எடுக்கும். இரண்டுக்கும் எமன் உண்டு!

ஓலை போனது, தமிழ் போயிற்றா?

நம் முன்னோர் ஓலையில் எழுதினார்கள். ஓலை நிரந்தரம் அல்ல. செல்லரிக்கும். ஆகவே, பழைய ஏடு கெடும் முன்பு புதிய ஏட்டில் பிரதி எடுத்தார்கள். அப்படிப் பிரதி எடுத்த நூல் பிழைத்தது. எடுக்காத நூல் செத்தது.

1578-ம் ஆண்டில் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார்கள். 16 பக்கம். இந்திய எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுதான். ஆனால், சங்க நூல்களும் காப்பியங்களும் அதற்குப் பிறகும் முந்நூறு ஆண்டு ஓலையிலேயே கிடந்தன.

உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். பரணில் கிடந்த ஏடுகளைத் தேடினார். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஐயர் அவர்கள், "ஓலைதான் உயர்வு. காகிதம் வேண்டாம்" என்று இருந்திருந்தால் என்ன ஆகி இருக்கும்?

ஓலை போனது. தமிழ் போகவில்லை. நாளை காகிதம் குறைந்தாலும் தமிழ் போகாது. பிரதி எடுப்பதை நிறுத்தினால்தான் போகும்.

மனதில் நிற்பது எது?

எங்கள் சண்டையின் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு எது நல்லது?

2018-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு வெளியாயிற்று. அதற்கு முன்பு உலகம் எங்கும் நடந்த 54 சோதனைகளை அதில் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் அவற்றில் கலந்து கொண்டிருந்தார்கள்.

முடிவு என்ன? காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்து கொண்டார்கள். பாடம், கட்டுரை போன்றவற்றில் இந்த வித்தியாசம் தெரிந்தது. நேரம் குறித்துப் படிக்கச் சொன்னபோது வித்தியாசம் கூடியது. கதை படிப்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை!

இதைக் கவனியுங்கள். கதைக்குக் கருவி போதும். பாடத்துக்குக் காகிதம் வேண்டும்.

சுவீடன் நாடு பள்ளிக்கூடத்தில் திரைகளைத் தாராளமாகப் புகுத்திய நாடு. 2023-ம் ஆண்டில் அந்த நாட்டு அரசாங்கம் அச்சுப் பாடநூல் வாங்கப் பணம் ஒதுக்கியது. பிள்ளைகள் கைக்கு மறுபடியும் புத்தகம் வரட்டும் என்றது. பணக்கார நாடு, போய்ப் பார்த்து விட்டுத் திரும்பி வருகிறது. நாம் போகும் முன்பே யோசிக்கலாம் அல்லவா?

ஏன் இப்படி? என் அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது இது. காகித நூலில் படித்தது எந்த இடத்தில் இருந்தது என்று மனதுக்குத் தெரியும். "இடது பக்கம், கீழே, படத்துக்கு அருகில்" என்று கண் முன் வந்து நிற்கும். எத்தனை பக்கம் முடித்தோம், எத்தனை பாக்கி என்று கை சொல்லும். கருவியில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம். முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் கனத்தில் வித்தியாசம் இல்லை.

சிறு குழந்தைக்குப் புத்தகம் ஒரு பொம்மையும்கூட. அது தடவும். முகர்ந்து பார்க்கும். யானைப் படத்துக்கு மீசை வரையும். ஓரத்தைக் கடிக்கும். கடித்தால் முப்பது ரூபாய்ப் புத்தகம் போகும். பத்தாயிரம் ரூபாய்க் கருவியைக் கடித்தால்?

கணக்குப் போடுங்கள்

நல்ல மின்நூல் கருவி பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. இன்று ஒரு சாதாரணத் தமிழ் நாவல் இருநூறு, முந்நூறு ரூபாய். கருவியின் விலைக்கு நாற்பது நாவல் வாங்கலாம்.

வருடத்தில் ஐந்து நூல் படிக்கும் வீட்டுக்குக் கருவி வேண்டாம். நஷ்டம்தான். வாரம் ஒரு நூல் படிப்பவருக்கு லாபம். அதிலும் இலவச நூல்களைப் படிப்பவருக்கு ஒரே வருடத்தில் விலை திரும்பி விடும்.

காகித நூலுக்கு இன்னொரு லாபம் உண்டு. ஒரு நூலை நான் படிப்பேன். என் மனைவி படிப்பாள். பக்கத்து வீட்டு அக்கா படிப்பார். (திருப்பித் தருவாரா என்பது வேறு விஷயம்!) கடைசியில் பழைய புத்தகக் கடையில் போடலாம். அங்கே ஒரு ஏழை மாணவன் கால் விலைக்கு வாங்குவான். ஒரு நூலுக்கு எத்தனை வாழ்வு! படித்து முடித்த மின்நூலைப் பழைய விலைக்கு வாங்கும் கடை எங்கே இருக்கிறது?

மூன்றாவது வழி ஒன்றை எல்லோரும் மறந்து விடுகிறோம். அது நூலகம்!

1948-ம் ஆண்டிலேயே நம் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து விட்டது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம் அதுதான். அதற்குப் பாடுபட்டவர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவர் பெயரை உலகம் முழுவதும் நூலகத் துறையில் அறிவார்கள். நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள். காசைக் கட்டி விட்டு, படிக்கப் போகாமல் இருப்பது யார் தப்பு?

சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டிலும் சிறுவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கடற்கரைக்கும் சினிமாவுக்கும் அழைத்துப் போகிறோம். ஒரு ஞாயிறு நூலகத்துக்கும் அழைத்துப் போகலாமே?

என் தாயார் கதை

என் தாயாருக்கு வயது 74. வாழ்நாள் முழுவதும் படித்தவர். அடுப்பில் உலை வைத்து விட்டு, அது கொதிப்பதற்குள் நாலு பக்கம் படித்து விடுவார்.

நான்கு வருடமாகப் படிப்பை நிறுத்தி விட்டார். கண்புரைக்கு ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் விழித்திரை தேய்ந்து விட்டது. "பெரிய எழுத்து என்றால் படிக்கலாம்" என்றார் டாக்டர். பெரிய எழுத்தில் தமிழ் நாவல் எங்கே கிடைக்கிறது? பூதக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கை நடுங்கியது. "போதும்ப்பா" என்று வைத்து விட்டார். அப்புறம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

இரவல் கருவி வீட்டில் இருந்த ஒரு வாரத்தில், என் மகன் ஒரு வேலை செய்தான். "பொன்னியின் செல்வ"னை இலவசமாக எடுத்து ஏற்றினான். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ, அவ்வளவு பெரிதாக்கினான். ஒரு பக்கத்தில் முப்பது சொல்கூட இல்லை. பாட்டி கையில் கொடுத்தான்.

அம்மா வாங்கிப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒரு வரி. இரண்டு வரி.

"எப்படிடா கண்ணு பக்கம் திருப்புவது?" என்றார்.

அன்று சாயங்காலம் காப்பி ஆறிப் போயிற்று. அவர் குடிக்கவில்லை. படித்துக் கொண்டிருந்தார்! நான் சமையல் அறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக் கொண்டேன்.

மறுநாள் கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு கருவி வாங்கி வந்தேன்.

கதை இத்துடன் முடியவில்லை.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் ஐந்து தடித்த பைண்டுகள் இருக்கின்றன. 1950 முதல் 1954 வரை "கல்கி" பத்திரிகையில் "பொன்னியின் செல்வன்" தொடர்கதையாக வந்தது. என் தாயாரின் தாயார் வாரா வாரம் பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பைண்டு செய்து வைத்தவை அவை. தாள் பழுப்பேறி விட்டது. தொட்டால் உதிரும். ஓரங்களில் பென்சிலில் பால் கணக்கு எழுதி இருக்கும்.

ஒரு நாள் அம்மா அந்தப் பெட்டியை இறக்கச் சொன்னார். இரண்டாவது பைண்டை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பிரித்து என் மகனிடம் நீட்டினார். "இந்த ஓரத்தில் என்ன எழுதி இருக்கிறது? படி" என்றார்.

பையன் கஷ்டப்பட்டுப் படித்தான். "பெண் பிறந்தது. வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி."

"அந்தப் பெண் நான்தான்" என்றார் அம்மா.

கதையைக் கருவி கொடுத்தது. அந்த ஒரு வரியை எந்தக் கருவி கொடுக்கும்?

தீர்ப்பு

ஆகவே என் தீர்ப்பு இது.

கண் மங்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதல் கருவி அவர்களுக்குத்தான். பேரனுக்கு அல்ல!

அடிக்கடி வெளியூர் போகிறவர், ஒண்டுக் குடித்தனத்தில் அலமாரிக்கு இடம் இல்லாதவர், வாரம் ஒரு நாவல் முடிப்பவர் ஆகியோருக்கும் கருவி நல்லது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காகிதம். பாடம் படிக்கக் காகிதம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தைக்கு நிச்சயமாகக் காகிதம்.

ஒரு முறை படித்து விட்டு மறக்கும் நூலைக் கருவியில் படியுங்கள். பத்து முறை படிக்கும் நூலை, பிள்ளைக்கு விட்டுச் செல்ல விரும்பும் நூலை, காகிதத்தில் வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். ஓரத்தில் நாலு வார்த்தை எழுதுங்கள்.

இரண்டுக்கும் கையில் காசு இல்லையா? கவலை வேண்டாம். நூலகத்தின் கதவு திறந்திருக்கிறது.

எங்கள் வீட்டுச் சண்டை இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரன் பாட்டிக்குக் கருவியில் புதிய நூல் ஏற்றித் தருகிறான். பிறகு நூலகத்துக்குப் போய்த் தனக்கு இரண்டு புத்தகம் எடுத்து வருகிறான். இருவரும் ஜன்னல் ஓரம் உட்காருகிறார்கள். அவள் கையில் சிலேட்டு. அவன் கையில் புத்தகம்.

அந்தக் காலத்தில் பேரன் கையில் சிலேட்டும் பாட்டி கையில் புத்தகமும் இருக்கும். இப்போது மாறி விட்டது. மாறினால் என்ன? இரண்டு பேரும் படிக்கிறார்கள்!

உங்கள் வீட்டில் யார் படிப்பதை நிறுத்தி இருக்கிறார்கள்? ஏன் நிறுத்தினார்கள்? இன்று சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.